கேபிளில் குறையில்லை, சாதனம் ஏன் பேசவில்லை?

புதிதாக வந்த ஒரு கேமராவையோ பிரிண்டரையோ ஈதர்நெட் கேபிளால் நேராகக் கணினியோடு இணைக்கிறோம். போர்ட்டில் விளக்கு எரிகிறது. கையேட்டில் சொன்னபடி 192.168.1.40 என்று பிரவுசரில் தட்டினால் பக்கம் திறப்பதில்லை. உடனே பலரும் கேபிளை மாற்றிப் பார்ப்பார்கள். விளக்கு எரிந்தால் இரு முனைகளும் மின் சமிக்ஞையில் ஒத்துப்போய்விட்டன என்று பொருள். கோளாறை இனி எண்களில்தான் தேட வேண்டும்.

சாதனத்துக்கு இரண்டு முகவரிகள் உண்டு. மேக் முகவரி 48 பிட் கொண்டது, தயாரிக்கும்போதே பதியப்படுவது. நாம் இங்கே பார்க்கும் வகை ஐபி முகவரி 32 பிட் கொண்டது, நாம் வைப்பது. கேபிளில் போகும் ஒவ்வொரு தரவுப் பொட்டலத்திலும் பெறுபவரின் மேக் முகவரி இருந்தாக வேண்டும். நம் கையில் இருப்பதோ ஐபி எண் மட்டும். இதற்காக 1982-இல் வகுக்கப்பட்டதுதான் ஏஆர்பி என்ற நெறிமுறை. "இந்த ஐபி யாருடையது?" என்று கணினி எல்லாருக்கும் கேட்கும்படி கேட்கும். உரிய சாதனம் தன் மேக் முகவரியைச் சொல்லும்.

ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்கலாமா என்பதையே கணினி முதலில் கணக்குப் போட்டுத்தான் முடிவு செய்கிறது. அமைப்புப் பக்கத்தில் யாரும் கவனிக்காமல் தாண்டிப்போகும் சப்நெட் மாஸ்க்தான் அந்தக் கணக்கின் அச்சாணி. 255.255.255.0 என்ற மாஸ்க்கைப் பிட்டுகளாக எழுதினால் முதல் 24 இடங்களில் ஒன்று, கடைசி 8 இடங்களில் சுழியம். இரு ஐபி முகவரிகளிலும் மாஸ்க்கில் ஒன்று இருக்கும் இடங்களை, அதாவது இங்கே முதல் மூன்று எண்களை மட்டும், ஒப்பிட வேண்டும் என்று அர்த்தம். நம் கணினி 192.168.0.25 என்று வைத்துக்கொள்வோம். அதன் வலை 192.168.0, சாதனத்தின் வலை 192.168.1. இரண்டும் வேறு. "இவர் வெளி வலையைச் சேர்ந்தவர்" என்று முடிவுகட்டி, பொட்டலத்தைக் கேட்வேயிடம், அதாவது வெளி வலைகளுக்கு வழிவிடும் கருவியிடம் (வழக்கமாக ரவுட்டர்), தர கணினி முயலும். நேரடிக் கேபிளின் மறுமுனையில் கேட்வே ஏது? ஒரே கம்பியின் இரு முனைகளில் இருந்தும், சாதனத்தைத் தேடி ஓர் ஏஆர்பி கேள்விகூடப் புறப்படாது.

தீர்வு எளிது. கணினிக்குத் தற்காலிகமாக 192.168.1.50, மாஸ்க் 255.255.255.0 என்று கொடுங்கள். பக்கம் திறந்துவிடும். அப்புறம் சாதனத்துக்கு உங்கள் வலையில் காலியாக உள்ள ஒரு முகவரியை, உதாரணமாக 192.168.0.40 என்று கொடுத்துச் சேமியுங்கள். அந்த நொடியே பக்கம் அசையாமல் நின்றுவிடும். பயப்பட வேண்டாம், சாதனம் புது முகவரிக்கு மாறிவிட்டது, பிரவுசர் பழைய முகவரியையே தட்டிக்கொண்டிருக்கிறது. கணினியைப் பழைய அமைப்புக்குத் திருப்பி, புது எண்ணில் திறந்தால் சரி. சேமிக்கும் முன் புது முகவரியை எங்காவது எழுதிவைப்பது நல்லது.

மாஸ்க் தவறினால் வரும் சிக்கல்தான் மிகவும் குழப்பக்கூடியது. 192.168.0.40 என்ற சாதனத்தில் தவறுதலாக 255.255.255.128 என்று போட்டுவிட்டால், அதன் கணக்கில் வலை 127-ஆம் எண்ணோடு முடிந்துவிடும். 25-இல் உள்ள கணினிக்கு எல்லாம் ஒழுங்காக வேலை செய்யும். 200-இல் உள்ள கணினியைச் சாதனம் வெளியாளாகவே நினைக்கும். கேட்வேயும் காலியாக இருந்தால் அந்தக் கணினிக்குப் பதிலே போகாது. "ஒருவருக்குத் திறக்கிறது, இன்னொருவருக்குத் திறக்கவில்லை" என்று யாராவது சொன்னால் முதலில் மாஸ்க்கைப் பாருங்கள் என்பேன்.

கேட்வேயும், இணையப் பெயர்களை ஐபி எண்ணாக மாற்றித் தரும் டிஎன்எஸ்ஸும் வெளி உலகத்துக்கானவை. உள்ளே எல்லாம் ஓடியும் சாதனத்தின் கடிகாரம் தப்பாகவே இருந்தால், நேரம் தரும் சர்வரை அது எட்டவில்லை என்று சந்தேகிக்கலாம். இவ்விரண்டையும் சரிபார்ப்பது அப்போது பலன் தரும்.

இந்த எண்களையெல்லாம் தானாகத் தரும் ஏற்பாடு டிஎச்சிபி. முகவரியே இல்லாத சாதனம் 0.0.0.0-இலிருந்து 255.255.255.255-க்கு, அதாவது எல்லாருக்கும், ஒரு கோரிக்கை விடும். ரவுட்டர் ஒரு முகவரியை முன்வைக்கும், சாதனம் அதையே தரும்படி கேட்கும், ரவுட்டர் உறுதி செய்யும். முகவரி குத்தகைக்குத்தான். வழக்கமாகப் பாதிக் காலம் கழிந்ததும் சாதனம் புதுப்பிக்கக் கேட்கும். யாருமே பதில் தராவிட்டால் பல சாதனங்கள் 169.254 என்று தொடங்கும் ஒரு முகவரியைத் தாமே சூட்டிக்கொள்ளும். அந்த எண்ணைக் கண்டால், டிஎச்சிபி பதில் வந்து சேரவில்லை என்று புரிந்துகொள்ளலாம்.

பிரிண்டருக்கும் கேமராவுக்கும் ரவுட்டரிலேயே மேக் முகவரியைக் குறித்து ஒரே ஐபியை ஒதுக்கிவைப்பதைத்தான் நான் பரிந்துரைப்பேன். எல்லா முகவரிகளும் ஓரிடத்தில் தெரியும். ரவுட்டர் நின்றாலும் ஓட வேண்டிய கருவிகளுக்கு மட்டும் நிலையான முகவரியைக் கையால் கொடுக்கலாம். ஆனால் அது டிஎச்சிபி வழங்கும் வரம்புக்கு வெளியே இருக்க வேண்டும். உள்ளே இருந்தால் அதே எண் என்றாவது வேறொரு கருவிக்கும் போய்ச் சேரலாம். அப்போது ஏஆர்பி கேள்விக்கு இருவர் பதில் சொல்வார்கள், இணைப்பு விட்டுவிட்டு வரும். எந்த ஐபிக்கு எந்த மேக் முகவரி என்று கணினி குறித்துவைத்திருக்கும் ஏஆர்பி பட்டியலைச் சில நிமிட இடைவெளியில் பாருங்கள். ஒரே ஐபிக்கு எதிரே மேக் முகவரி மாறி மாறித் தெரிந்தால், அந்த எண்ணை இரண்டு கருவிகள் பிடித்துவைத்திருக்கின்றன.