செம்புலத்து நீரும் கேசட் கடைக்காரரும்

முன்பின் அறியாத இருவர் நெஞ்சம் ஒன்று கலந்தது, எதைப் போல? இந்தக் கேள்வியை ஒரு ஏஐ செயலியிடம் கேட்டால், உள்ளே நடப்பது ஒரு கணக்கு. ஏராளமான பக்கங்களைப் படித்துப் பழகிய மொழி மாதிரி, அடுத்து வரக்கூடிய ஒவ்வொரு சொல் துண்டுக்கும் ஒரு நிகழ்தகவைப் போடுகிறது. பூவும் மணமும், நகமும் சதையும் போன்றவற்றுக்குப் பெரிய எண் கிடைக்கும். பட்டியல் கீழே போகப் போக எண்கள் சிறுத்துக்கொண்டே வரும். தலைப் பக்கம் எல்லோரும் சொல்வது, வால் பக்கம் யாரும் சொல்லாதது.

செம்மண்ணில் விழுந்த மழைநீர் என்ற உவமை அந்த வாலில் பிறந்தது. இன்று அது மேடைப் பேச்சு வரை வந்துவிட்டதால், செயலியும் அதைச் சொல்லக்கூடும். ஆனால் முதன்முதலில் ஒருவர் அதைச் சொன்ன நாளில், அதற்கு முன்னால் எத்தனையோ வழக்கமான உவமைகள் வரிசையில் நின்றிருக்கும்.

அப்படியானால் வாலிலிருந்து எடுக்கச் சொல்லலாமே? அதற்கும் ஒரு திருகு இருக்கிறது. டெம்பரேச்சர் என்று பெயர். குறைத்து வைத்தால் தலைப் பக்கத்துச் சொற்களே திரும்பத் திரும்ப வரும். கூட்டினால் அரிய சொற்களுக்கும் வாய்ப்புக் கிடைக்கும். சிக்கல் என்னவென்றால், அந்த வாலில் செம்புலத்து நீரோடு கூடவே, எதற்கும் பொருந்தாத சொற்களும் ஆயிரக்கணக்கில் கிடக்கின்றன. இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒரே எண்தான். எது முத்து, எது கூழாங்கல் என்பதை அந்த எண் சொல்லாது.

இந்தக் குறையைச் சரிசெய்ய மனிதர்களையே அழைக்கிறார்கள். இரண்டு விடைகளைக் காட்டி, எது மேல் என்று பலரிடம் கேட்டு, அந்தத் தீர்ப்புகளைக் கொண்டு மாதிரியை மேலும் பழக்குகிறார்கள். பயனுள்ள வேலைதான். ஆனால் பலருடைய ரசனையைக் கூட்டிச் சராசரி எடுத்தால் என்ன மிஞ்சும்? ஒருவர் உருகி, இன்னொருவர் முகம் சுளிக்கும் வரி கீழே போய்விடும். யாருக்கும் பெரிதாக மறுப்பில்லாத வரி மேலே வரும்.

2024இல் ‘சயன்ஸ் அட்வான்சஸ்’ இதழில் வந்த ஓர் ஆய்வு எனக்கு முக்கியமாகப் படுகிறது. சுமார் 300 பேரைக் குட்டிக் கதை எழுதச் சொன்னார்கள். சிலருக்கு மட்டும் ஏஐ தந்த யோசனைகள் கிடைத்தன. அந்த உதவியோடு எழுதிய கதைகளுக்கு, ஒவ்வொன்றாகப் பார்க்கையில், கூடுதல் மதிப்பெண் கிடைத்தது. ஆனால் அவற்றை மொத்தமாக அடுக்கிப் பார்த்தால், ஒன்றுபோல் ஒன்று அதிகம் இருந்தது. தனி ஆளுக்கு லாபம், ஊருக்கு நட்டம்.

அதே ஆண்டு ‘நேச்சர்’ இதழில் வந்த இன்னொரு ஆய்வு, அடுத்த கட்டத்தைக் காட்டியது. ஒரு மாதிரி எழுதியதைக் கொண்டு அடுத்த மாதிரியைப் பழக்கினார்கள், அது எழுதியதைக் கொண்டு அதற்கடுத்ததை. தொடக்கத்தில் கொடுத்தது பழைய தேவாலயக் கோபுரங்களைப் பற்றிய ஒரு பத்தி. ஒன்பதாம் தலைமுறையில் வந்தது முயல்களின் பட்டியல்: கறுப்பு வால் முயல், வெள்ளை வால் முயல், நீல வால் முயல். முதலில் அழிவது, அரியவை கிடக்கும் அந்த நிகழ்தகவு வால்தான் என்று ஆய்வாளர்கள் கண்டார்கள். அரியவை போன பிறகுதான் மற்றவை குலையத் தொடங்கின. மனிதர் எழுதிய மூல உரையில் பத்தில் ஒரு பங்கை ஒவ்வொரு சுற்றிலும் சேர்த்தபோது சீரழிவு வெகுவாகக் குறைந்தது.

அரியதைத் தேர்ந்து காப்பாற்றும் வேலை தமிழுக்குப் பழையது. செம்புலத்து நீர் வருவது குறுந்தொகையின் 40ஆம் பாட்டில். எழுதியவரின் இயற்பெயர் தெரியாததால், அவர் சொல்லையே பெயராக்கிச் செம்புலப்பெயல்நீரார் என்கிறோம். தொகுத்தவர் பெயர் பூரிக்கோ என்று மரபு சொல்கிறது. தொகுத்தவர், தொகுப்பித்தவர் என்று இரண்டு சொல் வைத்து, தேர்ந்தெடுத்தவரையும் பெயர் சொல்லிப் போற்றிய மொழி இது. ஊர் பேர் தெரியாத ஒருவரின் ஐந்தடிப் பாட்டைப் பார்த்து ‘இது இருக்கட்டும்’ என்று யாரோ ஒருவர் முடிவு செய்திருக்கிறார். பெரும்பான்மை எண்ணிக்கையை வைத்து எடுத்த முடிவாக அது எனக்குத் தோன்றவில்லை.

என் பள்ளி நாட்களில், எங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு கேசட் பதிவு கடை இருந்தது. அறுபது நிமிட கேசட், பக்கத்துக்கு முப்பது. ஆறு ஆறரைப் பாட்டுதான் ஒரு பக்கத்தில் அடங்கும். கடைசிப் பாட்டு பாதியில் அறுந்துவிடக் கூடாது என்பதால், கடைக்காரர் ஒவ்வொன்றின் நீளத்தையும் என் பட்டியலின் ஓரத்தில் நீல மையில் எழுதிக் கூட்டுவார். “இந்தப் பாட்டுக்குப் பின்னாடி அது வேண்டாம் தம்பி, ரெண்டும் அடிபட்டுப் போகும்” என்பார்.

ஒருமுறை பி பக்கத்தில் நான்கு நிமிடம் மிச்சம் இருந்தது. “நீங்க எழுதாத ஒண்ணு போட்டிருக்கேன்” என்று சொல்லிக் கொடுத்தார். வீட்டில் கேட்டால், சினிமாப் பாட்டுகளுக்குப் பின்னால் நாதஸ்வர மல்லாரி! சாமி புறப்பாட்டுக்கு வாசிப்பதை எதற்கு இதில் சேர்த்தார் என்று எரிச்சல் வந்தது.

இன்றைய பரிந்துரைச் செயலிகள் பொதுவாக, என்னைப் போலக் கேட்பவர்கள் வேறு எதைக் கேட்கிறார்கள் என்று பார்த்து அடுத்த பாட்டைத் தருகின்றன. சில நொடியில் தாண்டிவிட்டால், அது பிடிக்கவில்லை என்பதற்கான அடையாளமாகிவிடும். அந்தக் கணக்கில், மல்லாரி எனக்கு இரண்டாம் முறை வந்தே இருக்காது. டேப்பில் தாண்டுவது தொல்லை என்பதால் ஓடவிட்டேன். நான்காவதோ ஐந்தாவதோ முறை, தவில் சேரும் இடத்துக்காகக் காத்திருக்கத் தொடங்கினேன். அடுத்த வாரம் கடைக்குப் போய், அதே மாதிரி இன்னொன்று இருக்கிறதா என்று கேட்டேன். அவர் ஒன்றும் சொல்லாமல், மேசைக்கு அடியிலிருந்து ஒரு பெட்டியை இழுத்து என் முன்னால் வைத்தார்.