ஐ.நா. வேலையில் இடமாற்றலா, பணிநீக்கமா? முதலில் 60 நாளை எண்ணுங்கள்

எனக்குத் தெரிந்த ஒரு பெண், ஒரு சர்வதேச அமைப்பில் பதினொரு வருடம் வேலை பார்த்தவர். திடீரென்று வேறு நாட்டுக்கு மாற்றல் வந்தது. பள்ளியில் படிக்கும் இரண்டு பிள்ளைகள், படுத்த படுக்கையாக மாமியார். மேலாளரிடம் போய்ச் சொன்னார், "பார்க்கலாம்" என்றார். எச்.ஆருக்கு எழுதினார், "மேலே அனுப்பியிருக்கிறோம், கொஞ்சம் பொறுங்கள்" என்று பதில் வந்தது. பொறுத்தார். முறைப்படி மனு போட்டபோது 71ஆம் நாள் ஆகியிருந்தது. நியாயம் யார் பக்கம் என்று கடைசி வரை யாரும் கேட்கவில்லை, காலம் கடந்த மனு என்று தள்ளிவிட்டார்கள்.

இதைப் போல இன்னும் நாலைந்து பேரைப் பார்த்துவிட்டேன். அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. ஐ.நா. மீது உள்ளூர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டு ஜெயிக்கலாம் என்று யாராவது சொன்னால் பணத்தைக் கையில் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். 1946ஆம் ஆண்டின் உடன்படிக்கையும், அதை ஒட்டி இந்தியாவில் வந்த 1947ஆம் ஆண்டின் சட்டமும் ஐ.நா.வுக்கு நீதிமன்ற நடவடிக்கையிலிருந்து விலக்கு தருகின்றன. அதற்குப் பதிலாக உள்ளேயே ஒரு நீதி அமைப்பு இருக்கிறது. 2009 ஜூலையிலிருந்து நியூயார்க், ஜெனீவா, நைரோபி ஆகிய மூன்று இடங்களில் தகராறுத் தீர்ப்பாயம், அதற்கு மேல் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம். பின்னணி இவ்வளவு போதும்.

அந்த வாசலுக்குள் உங்களை விடுவார்களா என்பதுதான் அடுத்த கேள்வி. உங்களிடம் இருப்பது நியமனக் கடிதமா, இல்லை கன்சல்டன்ட் ஒப்பந்தமா என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். கன்சல்டன்ட், தனிநபர் ஒப்பந்தக்காரர், ஐ.நா. தன்னார்வலர், இவர்களெல்லாம் "ஊழியர்" கணக்கில் வரமாட்டார்கள். அதே மேசை, அதே அடையாள அட்டை, எட்டு வருடம் என்று சொன்னாலும் தீர்ப்பாயம் கேட்காது. கன்சல்டன்ட்டாக இருப்பவர்களுக்கு நடுவர் மன்றம் என்று ஒரு வழியை ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் எழுதியிருப்பார்கள், அதற்கு ஆகும் செலவைக் கேட்டதும் பலர் திரும்பி வந்துவிடுகிறார்கள். ஆள் எடுத்துத் தரும் வெளி ஏஜென்சி மூலம் எடுத்திருந்தால் முதலாளி அந்த ஏஜென்சிதான், அப்போது உள்ளூர் தொழிலாளர் அலுவலகத்துக்குப் போகலாம்.

சரி, நீங்கள் ஊழியர்தான் என்று வைத்துக்கொள்வோம். முடிவு உங்களுக்குத் தெரிவிக்கப்பட்ட நாளிலிருந்து 60 காலண்டர் நாளுக்குள் "மேனேஜ்மென்ட் எவாலுவேஷன்" கேட்டு எழுத வேண்டும், அதாவது எடுத்த முடிவை நிர்வாகமே மறுபடி சோதித்துப் பார்க்கச் சொல்லும் மனு. சனி, ஞாயிறு, விடுமுறை எல்லாம் சேர்த்துத்தான் 60. வாயால் சொல்லிவிட்டு எழுத்தில் அப்புறம் தருகிறோம் என்றால், வாயால் சொன்ன நாளிலிருந்தே எண்ணிக்கொள்ளுங்கள், அதுதான் பாதுகாப்பு. இந்தக் கெடுவை நீட்டித் தர தீர்ப்பாய நீதிபதிக்குக் கூட அதிகாரம் கிடையாது.

பெரும்பாலானவர்கள் விழும் குழி இங்கேதான் இருக்கிறது. மேலாளருக்கு நீங்கள் எழுதிய உருக்கமான கடிதம் மனு ஆகாது. எச்.ஆரோடு நடந்த நாலு கூட்டமும் ஆகாது. மூன்றாவது மாதம் மறுபடி கேட்டு, "முடிவில் மாற்றமில்லை" என்று புதிதாக ஒரு பதில் வாங்கினால் நாள் கணக்கு புதிதாகத் தொடங்கும் என்று நினைக்கிறார்கள். தொடங்காது, முதல் முடிவின் தேதிதான் தேதி. ஆம்பட்ஸ்மேனிடம், அதாவது உள்ளேயே சமரசம் பேசி வைக்கும் அதிகாரியிடம், போனாலும் கெடு தானாக நிற்காது, நீட்டிப்புக் கிடைத்தது என்று எழுத்தில் வாங்காமல் நம்பாதீர்கள். "பொறுங்கள்" என்று சொல்கிறவர் நல்ல மனிதராகவே இருக்கலாம், ஆனால் பொறுத்ததன் விலையைக் கொடுக்கப்போவது நீங்கள்.

எங்கே அனுப்புவது என்பதிலும் அலைக்கழிப்பு உண்டு. ஐ.நா. செயலகத்து ஊழியர் என்றால் மனு நியூயார்க்கில் இருக்கும் அதற்கான பிரிவுக்குப் போக வேண்டும், யூனிசெஃப், யூஎன்டிபி (ஐ.நா. வளர்ச்சித் திட்டம்) போன்றவற்றில் அந்தந்தத் தலைமையகத்துக்கு. நாட்டு அலுவலகத்தில் கொடுத்து "அவர்கள் அனுப்பிவிடுவார்கள்" என்று இருந்துவிடாதீர்கள். எந்த முடிவை எதிர்க்கிறீர்கள், எந்தத் தேதியில் வந்த முடிவு என்று தெளிவாக எழுதுங்கள். இந்த மனுவில் சொல்லாத முடிவைப் பின்னால் தீர்ப்பாயத்தில் கிளப்ப முடியாது.

நியூயார்க் தலைமையகம் என்றால் 30 நாள், மற்ற இடங்களுக்கு 45 நாள், அதற்குள் பதில் வர வேண்டும். வராவிட்டால் "இன்னும் பதில் வரவில்லையே" என்று உட்கார்ந்திருக்கக் கூடாது. அந்தக் கெடு முடிந்த நாளிலிருந்து 90 நாளுக்குள் தீர்ப்பாயத்தில் போட வேண்டும். அவர்கள் பதில் போடாமல் இருக்கலாம், நீங்கள் ஒரு நாள் தவறினால் கதவு மூடிவிடும். ஒழுங்கு நடவடிக்கை எடுத்து வேலையை விட்டு நீக்கியிருந்தால் மட்டும் இந்த மறுபரிசீலனை மனு தேவையில்லை, நேராக 90 நாளுக்குள் தீர்ப்பாயம். அது தெரியாமல் மனு போட்டுவிட்டுக் காத்திருந்து அந்த 90 நாளையும் இழந்தவர்கள் இருக்கிறார்கள்.

மாற்றலை நிறுத்தி வைக்க வேண்டுமா? மறுபரிசீலனை நடக்கும்போதே தீர்ப்பாயத்தில் தடை கேட்கலாம், ஐந்து வேலை நாளில் முடிவு சொல்வார்கள். ஆனால் முடிவு அமலுக்கு வருவதற்கு முன்பே கேட்க வேண்டும். ஒப்பந்தம் நேற்றோடு முடிந்துவிட்டது என்றால் நிறுத்தி வைக்க ஒன்றுமில்லை.

இனி வழக்கின் உள்ளடக்கம். ஊழியரை எந்த அலுவலகத்துக்கும் மாற்றலாம் என்று விதியே சொல்கிறது, ஆகவே "குடும்பக் கஷ்டம்" என்று மட்டும் எழுதினால் நிற்பது சிரமம். புதிய வேலை உங்கள் கிரேடுக்கும் தகுதிக்கும் அனுபவத்துக்கும் பொருந்துகிறதா, பழிவாங்கும் நோக்கம் இருக்கிறதா, சொன்ன காரணம் பொய்யா, இவற்றுக்கு ஆதாரம் சேருங்கள். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காததும் அப்படித்தான். குறித்த காலத்து நியமனம் புதுப்பிக்கப்படும் என்று எதிர்பார்க்க உரிமை இல்லை, பத்து முறை புதுப்பித்திருந்தாலும் இல்லை. ஆனால் காரணம் கேட்டால் சொல்லியாக வேண்டும், சொன்ன காரணம் உண்மையாக இருக்க வேண்டும். அதனால் எழுத்தில் காரணம் கேளுங்கள். நிதி இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டு அடுத்த மாதமே அதே வேலைக்கு ஆள் எடுத்தால், அந்த விளம்பரத்தைத் தேதியோடு சேமித்து வையுங்கள்.

ராஜினாமா கடிதம் கேட்டால் அன்றைக்கே கொடுக்காதீர்கள். "இருதரப்பும் ஒப்புக்கொண்ட விலகல்" என்று நல்ல தொகையோடு ஒரு தாள் நீட்டுவார்கள், அதில் கையெழுத்துப் போட்டால் வழக்குத் தொடர மாட்டேன் என்பதும் அதற்குள் இருக்கும்.

ஜெயித்தாலும் வேலை திரும்பக் கிடைக்கும் என்று நிச்சயமில்லை. பணிநீக்க வழக்கில், முடிவை ரத்து செய்வதற்குப் பதிலாக நிர்வாகம் பணம் கொடுத்து முடித்துக்கொள்ளலாம், வழக்கமாக அது இரண்டு வருட நிகர அடிப்படைச் சம்பளத்தைத் தாண்டாது.

உலக சுகாதார நிறுவனம், ஐஎல்ஓ (சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு), யுனெஸ்கோ ஊழியர்களுக்கு வழி வேறு. முதலில் அந்த அமைப்பின் உள் மேல்முறையீட்டை முழுதாக முடித்து, இறுதி முடிவு வந்து 90 நாளுக்குள் ஜெனீவாவில் உள்ள ஐஎல்ஓ நிர்வாகத் தீர்ப்பாயம். அதற்கு மேல் அப்பீல் இல்லை. உள் மேல்முறையீட்டுக்கான கெடு அமைப்புக்கு அமைப்பு மாறும், உங்கள் ஊழியர் விதிப் புத்தகத்தில் பாருங்கள், பக்கத்து மேசைக்காரரைக் கேட்டு நம்பாதீர்கள்.

ஐ.நா. ஊழியர்களுக்கு இலவசச் சட்ட உதவி அலுவலகம் இருக்கிறது. ஆனால் அவர்களிடம் எழுதிப் போட்டதால் நாள் நிற்காது, 58ஆம் நாள் போய் நின்றால் அவர்களாலும் ஒன்றும் செய்ய முடியாது. கடிதம் வந்த வாரமே எழுதுங்கள். அலுவலக மின்னஞ்சல் எந்த நிமிடமும் மூடப்படலாம் என்பதால் மாற்றல் உத்தரவு, நியமனக் கடிதம், உங்கள் பணி மதிப்பீடுகள் ஆகியவற்றின் நகல் கைவசம் இருக்கட்டும். அலுவலக ரகசியக் கோப்புகளைத் தொடாதீர்கள், அதையே காரணமாக்கி உங்கள் மேல் புதிதாக ஒரு ஒழுங்கு நடவடிக்கை தொடங்குவார்கள்.