அதிரடியான ஒலிக்குப் பழைய உயர்தர ஸ்பீக்கர்: வாங்குமுன் அளந்து பார்க்க வேண்டியவை

பழைய ஸ்பீக்கர் தேடுகிறவர்கள் பெரும்பாலும் பிராண்டின் பெயரையும் வாட் எண்ணையும் பார்த்தே முடிவெடுக்கிறார்கள். வாட் எண் சொல்வது ஸ்பீக்கர் எவ்வளவு தாங்கும் என்பதை மட்டும்தான். டிரம்மில் கோல் விழும் அதிர்வு நெஞ்சில் படவேண்டுமானால் சென்சிடிவிட்டியைப் பாருங்கள்: 2.83 வோல்ட் கொடுத்தால் 1 மீட்டர் தூரத்தில் எத்தனை டெசிபல் வருகிறது என்ற கணக்கு அது.

87 டெசிபல் ஸ்பீக்கர் 107 டெசிபல் உச்சத்தைத் தொட 100 வாட் வேண்டும். 97 டெசிபல் ஸ்பீக்கருக்கு 10 வாட் போதும். ஆம்ப்ளிஃபையரின் அளவோடு இந்த வேறுபாடு முடிந்துவிடுவதில்லை. அதிக வாட் வாங்கும் வாய்ஸ் காயில் (ஒலியை எழுப்ப அசையும் செம்புச் சுருள்) சூடேறும். செம்பின் மின்தடை ஒரு டிகிரி செல்சியஸுக்கு ஏறத்தாழ 0.4 சதவீதம் கூடுவதால், காயிலின் வெப்பம் 100 டிகிரி ஏறினாலே 3 டெசிபல் வரை ஒலி குறையலாம். சத்தம் கூட்டக் கூட்ட இசை தட்டையாகிப்போவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

4 ஓம் ஸ்பீக்கரில் ஒரு கண்கட்டு உண்டு. 2.83 வோல்ட் என்பது 8 ஓமுக்கு 1 வாட், 4 ஓமுக்கு 2 வாட். எனவே 90 டெசிபல் என்று எழுதியிருந்தாலும் ஒரு வாட்டுக்குக் கிடைப்பது 87 தான்.

வூஃபரில் (கீழ்ச் சுரங்களான பேஸைத் தரும் பெரிய ஸ்பீக்கர்) அசையும் கூம்பான கோனின் எடை குறைவாக இருந்தால்தான் பேஸ் வேகமாக இருக்கும் என்ற நம்பிக்கை தவறு. நாம் வேகம் என்று உணர்வது, ஒலி நிற்க வேண்டிய இடத்தில் நிற்பதைத்தான். பெட்டியோ அறையோ இழுத்துக்கொண்டு முழங்கினால் எந்த வூஃபரும் மந்தமாகத்தான் கேட்கும். 5 மீட்டர் நீள அறையில் 34 ஹெர்ட்ஸ் அருகே முழக்கம் சேரும். ஸ்பீக்கரைக் குறை சொல்லுமுன் இடத்தை மாற்றிப் பாருங்கள். 15 அங்குல வூஃபரின் கோன் பரப்பு 6.5 அங்குல வூஃபரைப்போல் ஏறக்குறைய 6 மடங்கு. அதே சத்தத்துக்கு அது ஆறில் ஒரு பங்கு நகர்ந்தால் போதும் என்பதால் திரிபும் குறைவு.

இந்த வகையில் கிளிப்ஷ் லா ஸ்காலா, கார்ன்வால், ஜேபிஎல்லின் 43 வரிசைப் பெரிய ஸ்டுடியோ மானிட்டர்கள், டேனாயின் பெரிய டூயல் கான்சென்ட்ரிக் மாடல்கள் தேடத் தகுந்தவை. லா ஸ்காலாவின் துடிப்பு அபாரம். ஆனால் 50 ஹெர்ட்ஸுக்குக் கீழே அதிகம் எதிர்பார்க்காதீர்கள். அதே நிறுவனத்தின் பழைய கிளிப்ஷ்ஹார்னுக்கு அறையின் இரண்டு மூலைகள் கட்டாயம் வேண்டும்.

நேரில் பார்க்கும்போது முன்துணியைக் கழற்றச் சொல்லுங்கள். கோனின் விளிம்பு ஃபோம் என்றால் விரல் நுனியால் மெல்லத் தொடுங்கள். பிசுபிசுத்தாலோ உதிர்ந்தாலோ ஆயுள் முடிந்தது. மருந்து பூசிய துணி விளிம்பு பல பத்தாண்டு தாங்கும். ஃபோம் மாற்றியிருந்தால் அதோடு திருப்தியடைய வேண்டாம்: விறைப்பான தவறான ஃபோம் ஒட்டினால் வூஃபர் இயல்பாக அதிரும் எண் (ஒத்ததிர்வு எண்) ஏறி, ஆழமான பேஸ் போய்விடும். இரு கைவிரல்களையும் கோனின் எதிரெதிர்ப் பக்கங்களில் வைத்து, ஒரே சீராக அழுத்தி விடுங்கள். உரசல் கேட்டால் காயில் நடுவில் இல்லை, அல்லது கருகி உப்பியிருக்கிறது.

மல்டிமீட்டரைப் பெட்டியின் பின்முனையில் மட்டும் வைத்து ஏமாறாதீர்கள். ட்வீட்டருக்கு (மேல் சுரங்களுக்கான சிறு ஸ்பீக்கர்) முன்னால் உள்ள கெபாசிட்டர், மீட்டர் அனுப்பும் டிசி மின்சாரத்தைத் தடுத்துவிடும்; தெரிவது பெரும்பாலும் வூஃபர் மட்டுமே. ஒவ்வொரு டிரைவரின் (பெட்டிக்குள் உள்ள தனித்தனி ஸ்பீக்கர்) ஒயரையும் கழற்றி அளக்க வேண்டும். 8 ஓம் டிரைவர் 5.5 முதல் 7 ஓம் வரை காட்டும். இடது, வலது இரண்டும் 5 சதவீதத்துக்கு மேல் வேறுபட்டால் ஒன்றில் காயில் மாற்றப்பட்டிருக்கலாம். 1.5 வோல்ட் பேட்டரியின் நேர்முனையை வூஃபரின் சிவப்பு முனையிலும், எதிர்முனையை மற்றதிலும் ஒரு கணம் தொட்டால் கோன் முன்னே வரவேண்டும். பழைய ஜேபிஎல் இதற்கு விதிவிலக்கு. அதில் சிவப்பு முனைக்கு நேர்மின் கொடுத்தால் கோன் உள்ளே போகும், அது பழுதல்ல.

கிராஸ்ஓவரில் (ஒலியை வூஃபருக்கும் ட்வீட்டருக்கும் பிரித்துக்கொடுக்கும் சுற்று) உள்ள எலெக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர்கள் 20, 30 ஆண்டில் காய்ந்து, மேல் சுரங்களை மங்கலாக்கும். மாற்றுவதானால் இரு பெட்டிகளிலும் சேர்த்தே மாற்றுங்கள். இதற்குப் பயந்து நல்ல ஸ்பீக்கரைக் கைவிட வேண்டாம். செலவு குறைவு, வேலையும் எளிது. யமஹா என்எஸ்-1000எம் போன்றவற்றின் பெரிலியம் உலோக டோம் (குவிந்த மெல்லிய ஒலித்தகடு) வேறு கதை. அது நசுங்கியிருந்தால் மாற்று கிடைப்பது அரிது. உடைந்திருந்தால் தூள் நச்சு, தொடவே கூடாது.

கடைசியாக மோனோவில், அதாவது இரு பெட்டிக்கும் ஒரே ஒலியாக, பிங்க் நாய்ஸ் (எல்லாச் சுரங்களும் கலந்த இரைச்சல்) ஓடவிட்டு, இரண்டுக்கும் சரிநடுவே உட்காருங்கள். ஒலி ஒரு புள்ளியில் குவியாமல் ஒரு பக்கம் சாய்ந்தாலோ பரவினாலோ, ஆம்ப்ளிஃபையரில் இடது, வலது ஸ்பீக்கர்களின் ஒயர்களை இடம் மாற்றுங்கள். சாய்வும் பக்கம் மாறினால் குறை ஆம்ப்ளிஃபையரில். அதே பக்கம் நின்றால் ஸ்பீக்கரிலோ அறையிலோ. ஸ்பீக்கர்களையே இடம் மாற்றினால் அதுவும் தெரிந்துவிடும்.

லாரியில் வரவழைக்கும் பெரிய வூஃபர்கள் கீழே விழுந்தால், பசையால் ஒட்டிய ஃபெரைட் காந்தம் இடம்பெயர்ந்து காயிலைக் கவ்விக்கொள்ளும். வெளியே கீறல்கூட இருக்காது. வந்து இறங்கியதும் ஆம்ப்ளிஃபையரோடு இணைக்குமுன் கோனை மறுபடி அழுத்திப் பாருங்கள். அசையவில்லையென்றால் ஒலிக்கவிடாமல் படம் எடுத்து, அன்றே விற்றவருக்குத் தெரிவியுங்கள்.