மஞ்சள் கோடு போட்ட பக்கம்

தேர்வுக்கு முந்தின இரவு ஆப்பரேட்டிங் சிஸ்டம் நோட்டை நான்கு முறை புரட்டியிருந்தேன். டெட்லாக், அதாவது கணினியில் ஓடும் வேலைகள் ஒன்றையொன்று எதிர்பார்த்து அப்படியே நின்றுபோவது, உண்டாக நான்கு நிபந்தனைகள் உண்டு. அந்தப் பக்கம் முழுக்க மஞ்சள் ஹைலைட்டர். மறுநாள் வினாத்தாளில் அதே கேள்வி. மூன்றை மளமளவென்று எழுதிவிட்டேன். நான்காவது வரவில்லை. அது பக்கத்தின் கீழ்ப்பாதியில், வலது ஓரம், டீக்கறைக்குப் பக்கத்தில் இருந்தது என்பது மட்டும் துல்லியமாக ஞாபகம் இருந்தது. தேர்வு முடிந்து படிக்கட்டில் இறங்கும்போது பக்கத்தில் வந்தவன் சொன்னான்: "நோ ப்ரீஎம்ப்ஷன்டா." ஒரு வேலை பிடித்துவைத்திருப்பதை வலுக்கட்டாயமாகப் பிடுங்க முடியாது என்பதுதான் அது.

பார்த்தால் தெரிகிறது, ஆனால் தானாக வரமாட்டேன் என்கிறது. பேருந்தில் ஒருவரைப் பார்த்து முகம் தெரிந்தும் பெயர் வராமல் தவிப்போமே, அதே சங்கதிதான். அடையாளம் காண்பது ஒரு வேலை; நினைவிலிருந்து எடுப்பது வேறு வேலை. நோட்டைத் திரும்பத் திரும்பப் படிக்கும்போது முதல் வேலைக்குத்தான் பயிற்சி நடக்கிறது. ஐந்தாவது முறை வரிகள் வழுக்கிக்கொண்டு ஓடும். அந்த வழுக்கலைத்தான் 'படிச்சாச்சு' என்று மூளை எடுத்துக்கொள்கிறது. தேர்வு அறையிலோ இரண்டாவது வேலையைக் கேட்கிறார்கள்.

இதை அழகாகப் பிரித்துக் காட்டிய சோதனை ஒன்று 2006இல் வெளியானது. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் உளவியல் ஆய்வாளர்கள் ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்பிக்கி இருவரும் மாணவர்களுக்கு ஒரு சிறிய பத்தியைக் கொடுத்தார்கள். ஒரு குழு ஐந்தைந்து நிமிடமாக நான்கு சுற்றும் அதைப் படித்துக்கொண்டே இருந்தது. இன்னொரு குழு ஒரே சுற்றுதான் படித்தது; மிச்ச மூன்று சுற்றிலும் பத்தியைப் பார்க்காமல், வெறும் தாளில் நினைவுக்கு வந்ததை எழுதியது. ஒரு சுற்றுக்குள்ளேயே பத்தியைச் சில முறை படித்துவிடலாம் என்பதால், எண்ணிப் பார்த்தால் முதல் குழு பத்தியைச் சராசரியாக 14 முறை படித்திருந்தது; இரண்டாம் குழு மூன்று நான்கு முறைதான்.

ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டால் படித்துக்கொண்டே இருந்தவர்கள்தான் முன்னால்: 83 சதவீதம், மற்றவர்கள் 71. (ஹால் வாசலில் நின்று கடைசி நேரத்தில் புரட்டுவது முழு முட்டாள்தனம் இல்லை என்று இதிலிருந்து தெரிகிறது.) ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது கதை தலைகீழ். முதல் குழு 40க்கு இறங்கிவிட்டது, எழுதிப் பார்த்த குழு 61இல் நின்றது. எனக்கு மிகவும் பிடித்தது இனிமேல் வருவது. "ஒரு வாரம் கழித்து எவ்வளவு ஞாபகம் இருக்கும்?" என்று முன்கூட்டியே கேட்டிருந்தார்கள். அதிக நம்பிக்கையோடு சொன்னவர்கள், 14 முறை படித்தவர்கள்!

புத்தகத்தை மூடிவிட்டு யோசிப்பது கஷ்டமாக இருக்கிறது, அசிங்கமாகவும் இருக்கிறது. பாதிதான் வரும். ஆனால் தேடி எடுக்கும் ஒவ்வொரு தடவையும் அந்த நினைவை அடுத்த முறை எடுப்பது கொஞ்சம் எளிதாகிறது. தேடித் தோற்றாலும், சரியான விடையை அப்புறம் பார்த்துவிட்டால் அது நன்றாகவே ஒட்டிக்கொள்கிறது. அரை மணி நேரம் தேடித் தவித்ததாலோ என்னவோ, எனக்கு இன்றைக்கும் நோ ப்ரீஎம்ப்ஷன் மறப்பதில்லை. சுலபமாக எழுதிய மற்ற மூன்றைத்தான் யோசிக்க வேண்டியிருக்கிறது.

சரி, எப்போது தேடுவது? ஜெர்மானிய உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ் அர்த்தமே இல்லாத அசைகளை மனப்பாடம் செய்து, தன்னையே சோதித்து, 1885இல் முடிவுகளை வெளியிட்டார். முதல் ஒரு மணி நேரத்திலேயே பாதிக்கு மேல் கரைந்துவிடுகிறது. அதற்கப்புறம் கரைவது மெதுவாகிறது. அவர் அளந்த விதம்தான் கெட்டிக்காரத்தனம். மறந்ததை மறுபடி படிக்கும்போது முதல் தடவையைவிட எவ்வளவு நேரம் மிச்சமாகிறது என்று பார்த்தார். சுத்தமாக மறந்துவிட்டதாக நினைக்கிற யூனிட்டும் இரண்டாம் முறை சீக்கிரம் முடிவது இதனால்தான்.

ஆக, கொஞ்சம் மறக்கவிட்டுத் திரும்பி வருவது லாபம். எவ்வளவு விடுவது என்பது தேர்வு எப்போது என்பதைப் பொறுத்தது. 2008இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், ஒரு வாரத்தில் சோதனை என்றால் ஒரு நாள் இடைவெளி நன்றாக வேலை செய்தது. ஏறக்குறைய ஒரு வருடம் கழித்து என்றால் மூன்று வாரம். இன்டர்னலுக்கும் செமஸ்டருக்கும் ஒரே மாதிரி படிப்பது ஏன் சரிப்படாது என்பது இதில் விளங்கும். திங்கட்கிழமை மூன்று மணி நேரம் ஒரே மூச்சில் உட்காருவதைவிட, அதே மூன்று மணியைத் திங்கள், வியாழன், அடுத்த புதன் என்று உடைத்தால் கூடுதலாக நிற்கும். செலவாகும் நேரம் அதேதான்.

இங்கேதான் டைம்டேபிள் காலை வாருகிறது. கலர் கலராகப் போட்ட டைம்டேபிள் எதுவும் எனக்கு மூன்றாவது நாளைத் தாண்டியதில்லை. இதிலும் நான் தனியாள் இல்லை. கல்லூரி இறுதியாண்டு ஆய்வேட்டை எப்போது முடிப்பீர்கள் என்று உளவியல் மாணவர்களிடம் கேட்ட ஆய்வு 1994இல் வந்தது. சராசரியாக 34 நாள் என்றார்கள். எல்லாமே கெட்டுப்போனால்? 49 நாள். முடிந்ததோ 55 நாளுக்கு மேல். கெட்ட கனவையும் தாண்டிப் போயிருக்கிறது. திட்டம் போடும்போது வேலை நடக்கப்போகும் விதத்தைத்தான் கற்பனை செய்கிறோம். காய்ச்சல், கல்யாணம், கரன்ட் போவது எதுவும் அந்தக் கற்பனைக்குள் வருவதில்லை.

அதனால் கற்பனையை விட்டுவிட்டுப் பழைய கணக்கைப் பார்ப்பது மேல். போன செமஸ்டரில் ஒரு யூனிட்டுக்கு உண்மையில் எத்தனை நாள் ஆனது? வாட்ஸ்அப்பில் தேடினால் கிடைத்துவிடும். "மச்சி, யூனிட் 2 ஆரம்பிச்சுட்டேன்" என்று நீங்கள் போட்ட தேதி ஒன்று இருக்கும். "முடிச்சிட்டியா?" என்று அவன் கேட்ட தேதிகள் நான்கைந்து இருக்கும்.