மணல் மெத்தையில்லை, தம்பிமாரே

போன கிழமை இன்னொரு பெடியன். வயது 14. கடற்கரையில் பின்கரணம் அடிக்கப்போய்ப் பிடரி மணலில் குத்தியிருக்கிறது. சினேகிதர்கள் கமக்கட்டில் கைகொடுத்துத் தூக்கி, மோட்டார் சைக்கிளில் நடுவில் இருத்திக் கொண்டுவந்திருக்கிறார்கள். நான் பார்க்கும்போது கழுத்துப் பட்டியோடு கிடந்தான். வலக்கையைப் பொத்தச் சொன்னேன். இரண்டு விரல்தான் மடங்கின. காதுமடலில் இன்னும் மணல் ஒட்டியிருந்தது.

"மணலிலதானே அடிச்சவன்" என்றார் தாய். இயன்மருத்துவராக இந்த வசனத்தை எத்தனை தரம் கேட்டுவிட்டேன்!

கரணம் அடிப்பதற்கென்றே டம்பிளிங் என்றொரு விளையாட்டு இருக்கிறது. 1932 லொஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் அதற்குப் பதக்கமே கொடுத்தார்கள். இன்றைய சர்வதேசப் போட்டிகளில் 25 மீற்றர் தளத்தில் நிற்காமல் 8 கரணம் அடிக்கிறார்கள். அந்தத் தளம் விசையுள்ளது, மிதித்தவனை மேலே எறியும். இறங்குமிடத்தில் தடித்த மெத்தை. காய்ந்த மணலோ காலை விழுங்கிவிடும். உந்திய பலமெல்லாம் அதற்குள்ளேயே போய்விடும். உயரம் கிடைக்காது, உயரம் இல்லாவிட்டால் சுற்றி முடிக்க நேரமில்லை, பாதிச் சுற்றில் தலை வந்து குத்தும். அலை நனைத்த மணலென்றால், வெறுங்காலோடு ஒருதரம் ஓடிப்பாருங்கள். சீமெந்துத் தரைபோல இறுகிக் கிடக்கும். நடக்கும்போது பாதத்துக்கு மெத்தென்று இருக்கிறதே என்று உடம்பின் முழுப்பாரத்தையும் கழுத்தில் இறக்கலாமா? புல்தரையும் அப்படித்தான். இல்ல விளையாட்டுப் போட்டிக்குப் படங்கை விரித்துப் பிள்ளைகளைக் கரணம் அடிக்கவிடும் ஆசிரியர்களே, படங்கு மெத்தை ஆகாது.

மணிக்கட்டு, முழங்கை முறிவுகளை நான் இங்கே எழுதவில்லை. அவை பெரும்பாலும் பொருந்திவிடும்; கழுத்து அப்படியில்லை.

ரயரைப் பாதி புதைத்து அதில் ஏறிப் பாய்வதை இன்றோடு விடுங்கள். காணொளி பார்த்துப் பின்கரணம் பழகாதீர்கள். முன்னுருளல், கைகளில் நிற்றல், சக்கரக் கரணம் என்று படிப்படியாக, மெத்தையில், இடுப்பில் கைகொடுத்துத் தாங்கத் தெரிந்த பயிற்றுநரிடம் பழகுங்கள்.

விழுந்தவன் கழுத்து நோகிறது, கை கால் விறைக்கிறது என்றால் அசைக்கவே வேண்டாம். எழுப்பி இருத்தவும் வேண்டாம், தண்ணீர் பருக்கவும் வேண்டாம், எண்ணெய் போட்டு உருவவும் வேண்டாம். ஒருவர் தலையை இரண்டு பக்கமும் ஆடாமல் பிடித்திருக்க, மற்றவர் இலங்கையின் அம்புலன்ஸ் இலக்கமான 1990க்குத் தொலைபேசி எடுங்கள். அம்புலன்ஸுக்குக் காசு கட்டத் தேவையில்லை.

"வீட்டில ஏச்சு விழும் எண்டு பயத்தில தூக்கிப்போட்டம்" என்றான் கொண்டுவந்தவர்களில் ஒருவன். சொல்லும்போதே அழுதுவிட்டான். ஏச்சு விழட்டும், தம்பி. அவனை அப்படியே கிடக்கவிடுங்கோ.