இசகும்: சில்லாவின் யூரி ஏற்ற பட்டம்

‘இசகும்’ என்பது பழங்கொரிய அரசான சில்லாவில் ஆட்சித் தலைவருக்கு வழங்கிய பட்டம். முதன்முதலில் இதை ஏற்றவர் யூரி. சில்லாவின் மூன்றாம் அரசர் அவர், கி.பி. 24 முதல் 57 வரை ஆண்டார் என்று கொரிய வரலாற்று நூலான ‘சம்குக் சாகி’ சொல்கிறது.

தமிழில் எழுதிப் பார்த்தால் ‘உம்’ விகுதி ஏற்ற வினைமுற்று போலத் தெரியும். ஆனால் இது பெயர்ச்சொல். சகரத்தைப் ‘பசி’யில் வருவது போல மென்மையாகச் சொல்ல வேண்டும். கடைசி உகரம் உதடு குவியாத உகரம். ‘காடு’, ‘பாட்டு’ என்னும்போது நம் வாயில் கடைசியாக வரும் குற்றியலுகரத்துக்கு மிக நெருங்கிய ஒலி. கொரியர்கள் இந்த ஒலிக்குத் தனி எழுத்தே வைத்திருக்கிறார்கள், சொல்லின் நடுவிலும் தாராளமாகப் பயன்படுத்துகிறார்கள். அதனால் ஆங்கில எழுத்துக் கூட்டலைப் பார்த்து ‘இசாஜியம்’ என்று எழுத வேண்டியதில்லை. ‘இசகும்’ என்பதே மூலத்துக்குப் பக்கத்தில் நிற்கிறது.

சரி, பொருள் என்ன? 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாழ்ந்த சில்லா அறிஞர் கிம் தேமுன், இது உள்நாட்டுப் பேச்சுச் சொல் என்றும் ‘பல்வரி’, அதாவது பல் பதிந்த தடம், என்பதே இதன் பொருள் என்றும் விளக்கினார். இதற்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது.

இரண்டாம் அரசர் நம்ஹே இறந்தபோது பட்டத்துக்கு உரியவர் அவருடைய மகன் யூரி. ஆனால் நம்ஹேயின் மருமகன் தல்ஹேக்கு ஊரில் பெரிய மதிப்பு. மாமனார் காலத்திலேயே தலைமை அமைச்சராக இருந்தவர். ஆகவே யூரி, ‘நீங்களே ஆளுங்கள்’ என்று மைத்துனருக்கு விட்டுக்கொடுக்க முன்வந்தார். தல்ஹே ஏற்கவில்லை. அரியணை சாதாரண மனிதர் தாங்கக்கூடியது அல்ல, அறிவும் அறமும் மிக்கவர்களுக்குப் பற்கள் அதிகம் இருக்கும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன், அதை வைத்தே பார்த்துவிடலாம் என்றார். இருவரும் ஒரு மாவுப் பண்டத்தைக் கடித்தார்கள். இன்று கொரியர்கள் ‘தொக்’ என்று சொல்லும் அரிசிப் பண்டத்தின் முன்னோடி என்று வைத்துக்கொள்ளலாம். யூரி கடித்த இடத்தில் பல்தடம் அதிகம் இருந்தது. அவரே ‘இசகும்’ ஆனார்.

கதையைப் படித்ததும் சிறுபிள்ளை விளையாட்டு போலத் தோன்றலாம். ஆனால் பல்லுக்கும் வயதுக்கும் உள்ள உறவை நினைத்தால் இதன் உள்பொருள் பிடிபடும். சீன எழுத்தில் பல்லைக் குறிக்கும் எழுத்துக்கே வயது என்றும் பொருள் உண்டு. நம் மாட்டுச்சந்தையில் ‘ரெண்டு பல்லு’, ‘ஆறு பல்லு’ என்று சொல்லி வயதைக் கணிப்பதும் இதே அறிவுதான். கிம் தேமுன் இதையும் சேர்த்தே சொல்கிறார்: நம்ஹே சாகும் முன், பார்க், சொக் என்னும் இரு குலத்தாரில் வயதில் மூத்தவர் ஆளட்டும் என்று மகனுக்கும் மருமகனுக்கும் சொல்லிவிட்டுப் போனார், பிறகு கிம் குலமும் தலையெடுத்து, மூன்று குலத்தாரும் மூப்பு முறைப்படி மாறி மாறி ஆண்டார்கள், அதனால்தான் இந்தப் பெயர். ஆக, தந்தைக்குப் பின் மகன் என்ற விதி இறுகிப்போகாத ஒரு காலத்தின் நினைவு இந்தச் சொல்லுக்குள் இருக்கிறது. எனக்கு இதன் பெருமதிப்பே இதுதான்.

மொழியியல் பக்கமிருந்து வேறு விளக்கமும் உண்டு. பழைய ஏடுகளில் இதன் முதல் எழுத்து ‘நி’. கொரியத்தில் பல்லுக்குப் பழைய வடிவம் ‘நி’, இன்றைய வடிவம் ‘இ’. அதுவரை பல் கதை பொருந்துகிறது. ஆனால் ‘தொடர்தல்’, ‘இணைத்தல்’ என்னும் பொருளுள்ள பழங்கொரிய வினையின் வேரும் ‘நிஸ்’தான். அப்படிப் பார்த்தால் ‘நிஸ்-கும்’ என்பது ‘வழிவந்த தலைவன்’, அதாவது வாரிசு. அந்தக் காலத்தில் கொரியர்களுக்குச் சொந்த எழுத்து கிடையாது. சீன எழுத்துகளை ஒலிக்காகக் கடன் வாங்கித்தான் தங்கள் சொல்லை எழுதினார்கள். அதனால் இரண்டில் எது என்று எழுத்தை வைத்து மட்டும் தீர்ப்புச் சொல்ல முடியாது. பட்டப்பெயர் முதலில் பிறந்திருக்கும், அதன் ஒலி பல்லை நினைவூட்டியதால் கதை பின்னால் வந்து ஒட்டிக்கொண்டிருக்கும் என்பதே என் கணிப்பு. அரசரைக் குறிக்கும் இன்றைய கொரியச் சொல் ‘இம்கும்’ இதிலிருந்து வந்தது என்று பலர் சொல்வார்கள். அதன் பழைய வடிவம் ‘நிம்கும்’. நடுவில் இருக்கும் மகரம் எப்படி வந்தது என்று விளக்காமல் அதை ஏற்பது கடினம்.

இந்தப் பட்டத்தோடு ஆண்ட யூரி எப்படிப்பட்டவர்? சம்குக் சாகி அவரைப் பற்றிச் சொல்லும் செய்திகளில் மனதில் நிற்பது கி.பி. 28ஆம் ஆண்டு நிகழ்ச்சி. குளிர்காலத்தில் நாட்டைச் சுற்றிவந்தபோது, பசியாலும் குளிராலும் சாகக் கிடந்த ஒரு மூதாட்டியைக் கண்டார். மக்களைக் காக்க முடியாமல் இந்த நிலைக்கு விட்டது என் குற்றம் என்று சொல்லி, தன் மேலாடையைக் கழற்றிப் போர்த்தி உணவு ஊட்டினார். துணையிழந்தோர், அநாதைகள், முதியோர், நோயாளிகள் ஆகியோரைத் தேடிப் பார்த்து உதவும்படி அதிகாரிகளுக்கு ஆணையிட்டார். அதைக் கேட்டு அண்டை நாட்டவரும் வந்து குடியேறினார்களாம். அந்த ஆண்டில் பிறந்த ‘தோசொல்கா’ என்னும் பாட்டுதான் சில்லாவில் இசைக்கும் பாடலுக்கும் தொடக்கம் என்கிறது நூல்.

கொரியர்களின் பெரிய அறுவடைத் திருவிழாவான சுசோக்கின் பழங்கதையும் இவர் காலத்தில்தான் வருகிறது. கி.பி. 32இல் தலைநகரின் ஆறு பிரிவுகளையும் இரண்டு அணியாக்கி, தன் மகள்கள் இருவரை ஆளுக்கொரு அணிக்குத் தலைவியாக்கினார். ஏழாம் மாதம் பதினாறாம் நாளிலிருந்து பெண்கள் விடியற்காலையில் கூடி இரவு வெகுநேரம் வரை சணல்நார் நூற்பார்கள். எட்டாம் மாதப் பௌர்ணமியன்று கணக்குப் பார்த்து, தோற்ற அணி சோறும் மதுவும் படைக்கும். அப்புறம் ஆட்டம், பாட்டு. அதற்குக் ‘கபே’ என்று பெயர். சுசோக்கின் தூய கொரியப் பெயரான ‘ஹன்காவி’க்குள் இருப்பது அதே சொல். தோற்ற பக்கத்துப் பெண் ஒருத்தி எழுந்து ஆடி, ‘ஹேசோ, ஹேசோ’ என்று ஏக்கத்தோடு பாடினாள் என்றும் எழுதியிருக்கிறது.

ஆறு பிரிவுகளுக்குக் குலப்பெயர் கொடுத்தது, 17 அதிகாரப் படிநிலைகளை அமைத்தது எல்லாம் இதே ஆண்டின் கணக்கில் வருகின்றன. அவை பிற்காலத்து அமைப்புகள், முன்னோர் பேரில் ஏற்றப்பட்டவை என்று வரலாற்றாசிரியர்கள் கருதுகிறார்கள். கிம் பூசிக் சம்குக் சாகியைத் தொகுத்து முடித்தது 1145இல். இடையில் ஆயிரம் ஆண்டுக்கு மேல் இடைவெளி. யூரி காலத்துச் சில்லா, தென்கொரியாவின் இன்றைய கியோங்ஜு நகரைச் சுற்றியிருந்த ஒரு சிறிய ஊர்க் கூட்டமைப்புதான்.

சாகும் தறுவாயில் யூரி, தன் மகன்கள் இருவரும் தல்ஹேயின் திறமைக்கு ஈடாக மாட்டார்கள், அவரையே அரசராக்குங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். தல்ஹே 57 முதல் 80 வரை ஆண்டார். (இந்தத் தல்ஹே தமிழர் என்று இணையத்தில் உலவும் பேச்சுக்குப் பழைய ஏட்டில் ஆதாரமில்லை. அவர் பிறந்த நாடு ஜப்பானியரின் நாட்டுக்கு வடகிழக்கே இருந்தது என்றே சம்குக் சாகி சொல்கிறது.)

சில்லாவில் முதல் அரசருக்குக் ‘கொசொகான்’, இரண்டாமவருக்குச் ‘சாச்சாவுங்’, அடுத்த 16 பேருக்கு ‘இசகும்’, அதன்பின் நால்வருக்கு ‘மரிப்கான்’. ஆக 22 அரசர்கள் வரை உள்நாட்டுச் சொல்லிலேயே ஓடியது. 503இல், அந்த நால்வரில் கடைசியான ஜிஜுங் காலத்தில்தான், சீனச் சொல்லான ‘வாங்’ வந்தது. பின்னாளில் சில்லாவின் பேரறிஞர் சோ சிவோன், தான் எழுதிய அரசர்களின் கால அட்டவணையில் எல்லாரையும் ‘வாங்’ என்றே எழுதிவிட்டார். கிம் பூசிக் அதைச் சுட்டிக்காட்டி, பழைய சொற்கள் நாகரிகமற்றவை என்று நினைத்தாரோ என்று கேட்கிறார். சில்லாவின் செய்தியை எழுதும்போது சில்லாவின் சொல்லை வைத்துக்கொள்வதே முறை என்று முடிக்கிறார். சீனப் புலமையில் ஊறிய ஒருவர் இப்படி எழுதியது எனக்கு மிகவும் பிடித்த இடம்.

தமிழில் என்ன எழுதலாம்? ‘பேரரசர்’, ‘சக்கரவர்த்தி’ கூடவே கூடாது. ‘வேந்தர்’ என்றால் சேர சோழ பாண்டியர் அளவுக்கு நிறம் ஏறிவிடும். சங்கப் பாட்டின் ‘கோ’, ‘மன்னன்’ ஓரளவு பொருந்தும். மூத்தவரே தலைவர் என்ற கருத்தைத் தாங்கி நிற்பது ‘மூப்பர்’. ஆனால் அது ஊர்த்தலைவரையும் திருச்சபைப் பெரியவரையும் குறித்துப் பழகிவிட்டதால் அரசருக்குச் சற்றுச் சிறியது. ‘மூப்பரசர்’ என்று புதிதாக ஆக்கிக்கொள்ளலாம் என்பது என் பரிந்துரை. கட்டுரையில் ‘இசகும்’ என்றே எழுதி, முதல்முறை வரும்போது மட்டும் ‘மூப்பரசர்’ என்று விளக்கம் தரலாம். ‘பற்குறி’ என்று பெயர்க்க வேண்டாம். நம் இலக்கியத்தில் அது காதல் துறைக்குப் போய்விட்டது.

எழுதும்போது ‘யூரி இசகும்’ என்று பெயருக்குப் பின்னால் பட்டம் வரட்டும். ‘மன்னர் யூரி இசகும்’ என்றால் மன்னர் இரண்டு முறை வந்துவிடும். இன்னொரு பழங்கொரிய அரசான கொகுர்யோவிலும் ஒரு யூரி உண்டு, கி.மு. 19இல் பட்டத்துக்கு வந்தவர், அந்த அரசை நிறுவிய ஜுமோங்கின் மகன். அவர் வேறு ஆள் என்பதால் ‘சில்லாவின் யூரி இசகும்’ என்று நாட்டுப் பெயரையும் சேர்ப்பது நல்லது.