மிஷின் ஓடுகிறது, தட்டு மட்டும் காயவில்லை: ஒரு ஃபேஸ் போனால் நடப்பது

ஓட்டல்களில் மதியச் சாப்பாட்டு நெரிசலில்தான் இந்தப் புகார் வரும். பாத்திரம் கழுவும் மிஷின் ஓடுகிறது, விளக்கெல்லாம் எரிகிறது, ஆனால் ஒரு ரவுண்டு முடிய வழக்கத்தைவிட ரொம்ப நேரம் ஆகிறது. சில மிஷின்களில் நேரம் சரியாகவே முடியும், தட்டுதான் ஈரமாக வெளியே வரும். சோப்புக் கரைசல் சரியில்லை என்பார்கள். இல்லையென்றால் ஹீட்டர் போய்விட்டது என்று புதிதாக ஒன்று வாங்கிவிடுவார்கள். ஹீட்டர் விலை கொஞ்சநஞ்சம் இல்லை. அதற்கு முன்னால் மிஷினுக்கு மூன்று ஃபேஸும் (கரண்ட் கொண்டுவரும் மூன்று தனித்தனி லைன்கள்) ஒழுங்காக வருகிறதா என்று பார்த்துவிட வேண்டும்.

மூடியைக் கீழே இழுத்துவிட்டுக் கழுவும் ஹூட் வகை மிஷினை எடுத்துக்கொள்வோம். கீழே இருக்கும் தொட்டியில் 60 டிகிரி செல்சியஸ் அளவில் சோப்புத் தண்ணீர் சுற்றிச்சுற்றி அடிக்கும். கடைசியாக அலசுவதற்குத் தனி பாய்லரிலிருந்து 82 முதல் 85 டிகிரி வரை சூடான நல்ல தண்ணீர் வரும். கிருமி சாவதும் அந்தச் சூட்டில்தான். தட்டும் நன்றாகச் சூடேறி, வெளியே எடுத்ததும் தானாகவே காய்ந்துவிடும்.

ஒரு ரவுண்டுக்கு 3 லிட்டர் தண்ணீர் என்று வைத்துக்கொள்வோம். 30 டிகிரியில் வரும் குழாய்த் தண்ணீரை 85 டிகிரிக்குக் கொண்டுபோக 9 கிலோவாட் ஹீட்டருக்கு ஏறக்குறைய 77 வினாடி போதும். ஒரு ஃபேஸ் போய் ஹீட்டரின் சக்தி பாதியானால் அதுவே இரண்டரை நிமிடம். சூடு ஏறும்வரை அலசலைத் தொடங்காத மிஷின் அவ்வளவு நேரம் காத்திருக்கும். காத்திருக்கத் தெரியாத மிஷின் வெதுவெதுப்பான தண்ணீரிலேயே அலசி முடித்துவிடும்.

சக்தி எப்படிச் சரியாகப் பாதியாகிறது? மூன்றில் ஒரு ஃபேஸ் போனால் மூன்றில் ஒரு பங்குதானே குறைய வேண்டும்? 9 கிலோவாட் ஹீட்டருக்குள் 3 கிலோவாட் கம்பிகள் மூன்று இருக்கும். மூன்றையும் முக்கோணமாகக் கோத்த டெல்டா இணைப்பில் ஒவ்வொரு கம்பியும் இரண்டு ஃபேஸ்களுக்கு நடுவே, 400 வோல்ட்டில் உட்கார்ந்திருக்கும். ஒரு ஃபேஸ் போனதும் ஒரு கம்பிக்கு மட்டும் முழு 400 வோல்ட் கிடைக்கும். மற்ற இரண்டும் வரிசையாகச் சேர்ந்து அதே 400ஐப் பங்கு போட்டுக்கொள்ளும், ஆளுக்கு 200. வோல்டேஜ் பாதியானால் சக்தி கால்பங்காகும். ஆக 3, 0.75, 0.75 என மொத்தம் 4.5 கிலோவாட். மூன்று கம்பிகளின் ஒரு முனையை ஒரே இடத்தில் சேர்ப்பது ஸ்டார் இணைப்பு. அங்கே நியூட்ரல் (கரண்ட் திரும்பிப் போகும் ஒயர்) இல்லாவிட்டால் கணக்கு பாதியில்தான் வந்து நிற்கும். ஸ்டாரில் நியூட்ரலும் இணைத்திருந்தால் மட்டும் மூன்றில் இரண்டு பங்கு மிஞ்சும்.

டெஸ்டரை நம்பினால் இங்கே ஏமாந்துவிடுவோம். ஃபேஸ் போன முனையில் வைத்தாலும் டெஸ்டர் எரியும். மற்ற இரண்டு ஃபேஸ்களின் கரண்ட், ஹீட்டர் கம்பி வழியாகத் திரும்பி அந்த முனைக்கு வந்துவிடுவதுதான் காரணம். அங்கே நியூட்ரலுக்கு 115 வோல்ட் அளவில் இருக்கும், டெஸ்டருக்குள் இருக்கும் நியான் எரிய அது தாராளம். அதனால் மல்டிமீட்டரை எடுத்து, ஹீட்டர் ஓடும்போதே ஃபேஸுக்கு ஃபேஸ் அளக்க வேண்டும். மூன்று அளவும் 400ஐ ஒட்டி இருந்தால் நல்லது. ஒன்று 400, மற்ற இரண்டும் 200 என்றால் ஒரு ஃபேஸ் வரவில்லை. கரண்ட் இருக்கும்போது அளக்கிற வேலை இது, தரையோ ஈரம். லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியன்தான் செய்ய வேண்டும்.

அப்புறம் மிஷினிலிருந்து பின்னோக்கிப் போக வேண்டும்: டெர்மினல் (ஒயரை முறுக்கும் முனை), கான்டாக்டர் (ஹீட்டரைத் தானாகப் போட்டு அணைக்கும் சுவிட்ச்), ஐசோலேட்டர் (மிஷினுக்கு வரும் கரண்டைத் துண்டிக்கும் சுவிட்ச்), எம்சிபி (கரண்ட் அளவு மீறினால் விழும் சுவிட்ச்), மெயின் பேனல். ஆன் செய்திருக்கும் ஒரு சுவிட்சின் உள்ளே வரும் முனைக்கும் வெளியே போகும் முனைக்கும் நடுவே அளந்தால் கிட்டத்தட்ட பூஜ்யம் வர வேண்டும். 10 வோல்ட் காட்டினாலே அங்கே லூஸ் கனெக்‌ஷன் இருக்கிறது. 20 ஆம்பியர் ஓடும் இடத்தில் 10 வோல்ட் விழுந்தால் 200 வாட் அந்தச் சின்ன ஸ்க்ரூவிலேயே சூடாகப் போகிறது என்று அர்த்தம். மெயினை நிறுத்திவிட்டு மூடியைக் கழற்றினால் கண்ணாலேயே பார்க்கலாம்: ஒயரின் மேலுறை பழுப்பேறி விறைத்திருக்கும், செம்பு கறுத்திருக்கும். ஹீட்டரை நிறுத்திவிட்டு அளந்தால் இது சிக்காது. மீட்டர் இழுக்கும் கரண்ட் மிக மிகச் சொற்பம் என்பதால் அரைகுறை இணைப்பிலும் முழு வோல்டேஜைக் காட்டிவிடும்.

மோட்டார் விஷயம் வேறு. மூன்று ஃபேஸ் பம்ப் இரண்டு ஃபேஸில் கிளம்பாது, உறுமிக்கொண்டே நிற்கும். ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு ஃபேஸ் போனால் ஓட்டம் தொடரும், ஆனால் கரண்ட் எகிறி மோட்டாருக்குள் இருக்கும் கம்பிச்சுருள் சூடாகும். ஓவர்லோடு ரிலே நல்ல நிலையில் இருந்தால் நிறுத்திவிடும். ஜெனரேட்டருக்கு மாற்றியதும், அல்லது டிரான்ஸ்பார்மர் வேலை முடிந்த மறுநாளும், தண்ணீர் மந்தமாக அடித்தால் ஃபேஸ் வரிசை மாறியிருக்கலாம். வரிசை மாறினால் மோட்டார் தலைகீழாகச் சுற்றும். அப்படிச் சுற்றினாலும் பம்ப் கொஞ்சம் தண்ணீரைத் தள்ளும், வேகம் மட்டும் இருக்காது. வரிசை மாறிய இடத்தில் இரண்டு ஃபேஸ் ஒயர்களை இடம் மாற்றினால் சரியாகிவிடும்.

ஒரு மாதம் பூட்டிக் கிடந்த ஓட்டலைத் திறந்ததும் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் துண்டிக்கும் பாதுகாப்பு சுவிட்ச்) டிரிப் ஆவது இன்னொரு வகை. ஹீட்டர் குழாய்க்குள் கம்பியைச் சுற்றி இருக்கும் மெக்னீசியம் ஆக்சைடு பொடி ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே ஆர்சிசிபி விழுந்துவிடும். எம்சிபிக்கு இது உறைக்காது. சுவிட்சைப் போட்டவுடன் விழாமல், ஹீட்டரின் கான்டாக்டர் இழுக்கும் நொடியில் விழுந்தால் சந்தேகம் ஹீட்டர் மேல்தான். ஒயர்களைக் கழற்றி 500 வோல்ட் மெகரில் (இன்சுலேஷன் எவ்வளவு தாங்குகிறது என்று அளக்கும் கருவி) இன்சுலேஷனை அளக்க வேண்டும். ஈரம்தான் காரணம் என்றால் இளஞ்சூட்டில் உலர்த்தியபின் அளவு ஏறும். ஏறவில்லையென்றால் குழாயில் விரிசல், ஹீட்டரை மாற்றித்தான் ஆக வேண்டும். புது ஹீட்டர் வரும்வரை ஆர்சிசிபியைத் தாண்டி நேரடியாக இணைத்து ஓட்டலாம் என்று யார் சொன்னாலும் கேட்கக் கூடாது. ஈரக் கையோடு அந்த எவர்சில்வர் உடம்பைத் தொட்டு நிற்பவருக்கும் கசிவுக்கும் நடுவில் எர்த் ஒயர் மட்டும்தான் மிஞ்சும். அது எங்காவது விட்டிருந்தால் கரண்ட் அவர் உடம்பு வழியாகத்தான் தரைக்கு இறங்கும்.